மொடக்குறிச்சியின் இரண்டு கணக்கு: 1,033-ம் 281-ம்

ஈரோட்டுக்குத் தெற்கே காலிங்கராயன் வாய்க்காலும் கீழ்பவானி வாய்க்காலும் பாயும் பகுதி மொடக்குறிச்சி. மஞ்சளும் கரும்பும் நெல்லும் விளையும் இந்தத் தொகுதியைத் தேர்தல் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு எண்களுக்காக நினைவில் வைத்திருக்க வேண்டும்.

முதல் எண் 1,033. 1996 சட்டமன்றத் தேர்தலில் இங்கே களத்தில் நின்றவர்களின் எண்ணிக்கை அது. யார் ஆட்சிக்கு வந்தாலும் தங்கள் குறைகளைக் கேட்க ஆளில்லை என்று கொதித்திருந்த விவசாயிகள் கூட்டம் கூட்டமாக வந்து வேட்புமனுத் தாக்கல் செய்தார்கள். அன்றைக்குச் சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250 ரூபாய்தான். ஒரு தாளில் பெயர்கள் அடங்காததால் வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வேண்டியதாயிற்று. மற்ற தொகுதிகளோடு சேர்த்து நடத்த முடியாமல் தேர்தலும் தள்ளிப்போனது. எண்ணி முடித்தபோது 88 பேருக்கு ஒரு ஓட்டும் இல்லை, 158 பேருக்கு ஒன்றே ஒன்று. வென்றவர் திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன்.

இரண்டாவது எண் 281. 2021 சட்டமன்றத் தேர்தலில் அதே தொகுதியில் அதே சுப்புலட்சுமி ஜெகதீசன் 77,844 வாக்கு பெற்றார். பாஜகவின் சி. சரஸ்வதி 78,125 பெற்று வென்றார். வென்றவருக்குப் போட்டவர்களில் 141 பேர் மாற்றிப் போட்டிருந்தால் முடிவே தலைகீழாகியிருக்கும். ஒரு கல்யாணப் பந்தியில் உட்காருகிறவர்கள் இதைவிட அதிகம்.

தேர்தல் வந்தால் கொங்கு நாட்டு டீக்கடைகளில் நடக்கும் வாதம் முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் நடக்கிறது. “எரியிற கொள்ளில எந்தக் கொள்ளிங்க நல்ல கொள்ளி? மனசுக்குப் பட்டவனுக்குப் போட்டுட்டுப் போறேன்” என்பார் ஒருவர். “ஜெயிக்காதவனுக்குப் போட்டு ஓட்ட வீணாக்கறதுக்கு, இருக்கறதுல கொஞ்சம் தேவலாம்னு இருக்கறவனுக்குப் போடுங்க” என்பார் பக்கத்தில் இருப்பவர். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எந்தத் தொகுதியில், எந்த நிலவரத்தில் யார் சொல்வது பொருந்தும் என்பதைத்தான் பெரும்பாலும் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

இந்த இழுபறிக்கு வேர் நம் எண்ணும் முறையில் இருக்கிறது. மற்றவர்களைவிட ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவர் வென்றவர். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டாவது விருப்பம் யார் என்று வாக்குச்சீட்டு கேட்பதும் இல்லை. இப்படி எண்ணும் நாடுகளில் போட்டி நாளடைவில் இரண்டு பெரிய அணிகளாகக் குறுகிவிடும் என்று பிரெஞ்சு அரசியல் அறிஞர் மோரிஸ் துவெர்ஜே 1950-களில் எடுத்துக் காட்டினார். மூன்றாமவரைப் பிடித்திருந்தாலும், அவருக்குப் போடுவதால் தனக்கு அறவே பிடிக்காதவர் உள்ளே வந்துவிடுவாரோ என்ற அச்சம் வாக்காளரை இரண்டில் ஒன்றின் பக்கம் தள்ளிவிடும். பயிர்க்கடனும் மின்சாரமும் தண்ணீரும் அரசின் கையில் இருக்கிற பகுதியில் அந்த அச்சத்தைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அச்சப்பட்டுப் போடுவதற்கும் முதலில் ஒரு தகவல் வேண்டும்: தன் தொகுதியில் முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்கள் யார்? 2021-இல் கோவை தெற்கு இதற்குச் சரியான பாடம். பாஜகவின் வானதி சீனிவாசன் 53,209, மக்கள் நீதி மய்யத்தின் கமல்ஹாசன் 51,481, காங்கிரஸின் மயூரா ஜெயக்குமார் 42,383. வித்தியாசம் 1,728. வென்றவர் பெற்றது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியது. வென்றவரை விரும்பாத வாக்காளர் ஒருவர் “ஜெயிக்கக்கூடிய மற்றவருக்குப் போடுவோம்” என்று நினைத்திருந்தாலும் அந்த மற்றவர் நடிகரா, கூட்டணி வேட்பாளரா என்று அன்றைக்கு அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. மும்முனைப் போட்டியில் குறைந்த தீமைக் கணக்கு தடுமாறுவது இங்கேதான். மாநில அளவிலான கருத்துக்கணிப்பை வைத்துத் தொகுதிக் கணக்குப் போடுகிறவர்கள் அடிக்கடி ஏமாறுவதும் இதனால்தான்.

இன்னொரு தப்பும் வழக்கமாக நடக்கிறது. மொடக்குறிச்சியில் மூன்றாம், நான்காம் இடங்களில் வந்தவர்கள் பெற்ற ஓட்டு 281-ஐப் பல மடங்கு தாண்டும். “அவங்க நின்னிருக்கலைன்னா இவங்க ஜெயிச்சிருப்பாங்க” என்று கூட்டல் போடுவார்கள். அந்த வாக்காளர்களில் ஒரு பகுதி தோற்றவருக்கும் ஒரு பகுதி வென்றவருக்கும் போயிருக்கும். கணிசமானவர்கள் சாவடிப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். எந்த விகிதத்தில் என்பது வேட்பாளர் பட்டியலைப் பார்த்துத் தெரியாது.

ஆகவே முதல் வேலை, தொகுதியின் பழைய கணக்கை எடுத்துப் பார்ப்பது. ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் ‘படிவம் 20’ என்ற இறுதி முடிவுத் தாள் வெளியாகும். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் சாவடி வாரியாக யாருக்கு எத்தனை என்று அதில் இருக்கும். மூன்று தேர்தலின் தாள்களை எடுத்து, முதல் இருவருக்குமான இடைவெளி பதிவான வாக்கில் எத்தனை விழுக்காடு என்று பார்க்க வேண்டும். மூன்று முறையும் பத்து விழுக்காட்டுக்கு மேல் என்றால் அந்தத் தொகுதியில் ‘ஓட்டு வீணாகும்’ என்ற பேச்சுக்கு இடமில்லை. அங்கே மனதுக்குப் பட்டவருக்குப் போடுவதால் முடிவு மாறப்போவதில்லை. போட்ட எண்ணிக்கை பதிவாகி நிற்கும். இரண்டு விழுக்காட்டுக்குள் என்றால் ஒவ்வொரு ஓட்டுக்கும் எடை கூடுகிறது, அதற்கேற்ற பொறுப்பும் வருகிறது. கூட்டணி மாறியிருந்தால் பழைய கணக்கை அப்படியே நம்பக்கூடாது. உள்ளாட்சித் தேர்தல் கணக்கையும் இதில் சேர்க்கக்கூடாது. அங்கே சொந்தமும் பந்தமும் ஊர்ப்பகையும்தான் பாதி முடிவு.

இந்தத் தாளில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. தனி ஒருவரின் ஓட்டு ரகசியம். ஒரு சாவடியின் ஓட்டு ரகசியமில்லை. எந்த ஊர் யாருக்கு எத்தனை போட்டது என்று கட்சிக்காரர்கள் அதை வைத்தே பேசுகிறார்கள். ஊர் சேர்ந்து எடுக்கும் முடிவுக்கு இது பலமும் ஆகும், சின்னக் கிராமங்களுக்கு வினையும் ஆகும்.

இனி நோட்டா. ‘கொள்கை ஓட்டு’ என்றால் இன்றைக்குப் பலருக்கும் நினைவுக்கு வருவது அந்தக் கடைசிப் பொத்தான்தான். அதற்கு முன்பு ‘49 ஓ’ இருந்தது. சாவடிக்குள் போய், 17ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு, யாருக்கும் போட விருப்பமில்லை என்று அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்லிப் பதிய வேண்டும். கட்சி ஏஜெண்டுகள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஊரில் தறி ஓட்டிப் பிழைக்கிறவரால் அப்படிச் சொல்லிவிட்டு வர முடியுமா? இந்த ரகசியக் குறையைச் சுட்டித்தான் உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பர் 27 அன்று நோட்டாவுக்கு உத்தரவிட்டது.

அடுத்த ஆண்டே மக்களவைத் தேர்தலில் நீலகிரித் தொகுதியில் 46,559 பேர் நோட்டாவை அழுத்தினார்கள். நாட்டிலேயே அந்தத் தேர்தலின் உச்ச எண்ணிக்கை அது. பெயர் நீலகிரி என்றாலும் அதில் மேட்டுப்பாளையமும் அவிநாசியும் பவானிசாகரும் அடக்கம். பாதித் தொகுதி கொங்குச் சமவெளி. அங்கே பாஜக வேட்பாளரின் மனு பரிசீலனையிலேயே தள்ளுபடியானதும் இந்த எண்ணிக்கை கூடியதற்கு ஒரு காரணம். நோட்டா மூன்றாம் இடத்தில் வந்தது, காங்கிரஸ் அதற்குக் கீழே. வென்ற அதிமுக வேட்பாளரின் வித்தியாசமோ 1,04,940. நாட்டுக்கே முதலாக வந்த நோட்டா அங்கே ஒரு முடிவையும் அசைக்கவில்லை.

அசைக்காது, விதியே அப்படி. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் நோட்டா எல்லோரையும்விட அதிகம் வாங்கினாலும் வேட்பாளர்களில் முதலில் வந்தவர் வென்றவராக அறிவிக்கப்படுவார். பதிவான செல்லும் வாக்கில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாதவர் டெபாசிட் இழப்பார் அல்லவா, அந்தக் கணக்கிலும் நோட்டா சேராது. 2024-இல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் விலகிவிட, 2,18,674 நோட்டா விழுந்து இரண்டாம் இடத்தில் நின்றது. அங்கே பாஜக பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் வாங்கி வென்றது. நோட்டா மனக்குறையைப் பதிவு செய்யும். என்ன குறை என்று சொல்லாது. தண்ணீருக்காகப் போட்டதும், சாதிக்காரர் நிற்கவில்லை என்று போட்டதும், தடுமாறி அழுத்தியதும் ஒரே எண்ணில் கலந்துவிடும். கொள்கைக்காகப் போடுகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போட வேண்டும். எங்கள் பார்வையில், சிறு கட்சிக்கோ சுயேச்சைக்கோ போடும் ஓட்டு நோட்டாவைவிட எப்போதும் கனமானது. ஒரு கட்சி மாநில அளவில் 8 விழுக்காடு பெற்றால் அங்கீகாரமும் நிலையான சின்னமும் கிடைக்கும். நாம் தமிழர் கட்சி 2024 மக்களவைத் தேர்தலில் ஓரிடத்திலும் வெல்லாமலேயே அந்தக் கோட்டைத் தாண்டியது. தொகுதியில் தோற்ற ஓட்டுகள் மாநிலக் கணக்கில் வேலை செய்தன.

கொள்கையையும் வாக்கையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாத இரண்டு பெரியவர்கள் இந்த மண்ணுக்காரர்கள். ஈரோட்டுப் பெரியார் 1944-இல் சேலத்தில் திராவிடர் கழகத்தை அமைத்தபோது தேர்தலில் நிற்பதில்லை என்று வைத்தார். ஆனால் ஒவ்வொரு தேர்தலிலும் யாரை ஆதரிப்பது என்று வெளிப்படையாகச் சொன்னார். காங்கிரஸை ஒழிப்பேன் என்று வெளியேறியவர், 1954-க்குப் பிறகு காமராசருக்காகத் தேர்தல் தோறும் பேசினார். 1967-இல் காங்கிரஸ் தோற்றது. வென்ற அண்ணா திருச்சிக்குப் போய்ப் பெரியாரைப் பார்த்தார். அதிலிருந்து அந்த ஆட்சிக்கு ஆதரவு. எதிர்ப்புறத்தில் சேலத்து ராஜாஜி. 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியவர், தம் கருத்துக்கு முற்றிலும் மாறான திமுகவோடு 1967-இல் கைகோத்தார், காங்கிரஸை இறக்குவதற்காக. கொள்கையை இருவரும் இயக்கத்திலும் எழுத்திலும் வைத்திருந்தார்கள். தேர்தலில் யாரை ஆதரிப்பது என்பது அந்த ஐந்தாண்டுக்கான கருவி. ஐந்தாண்டு முழுக்க ஒன்றும் செய்யாமல் ஒருநாள் மட்டும் கொள்கையோடு நடந்துகொள்ள நினைக்கிறவருக்கு இவர்கள் இருவரிடமும் படிக்க நிறைய இருக்கிறது.

கொங்கு மக்களின் பெயரால் நடந்த ஒரு சோதனையையும் பார்க்க வேண்டும். 2009-இல் தொடங்கிய கொங்குநாடு முன்னேற்றக் கழகம் அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் எந்த அணியிலும் சேராமல் தனியாக நின்றது. கோவையில் மட்டும் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் வாங்கியது. அங்கே வென்ற மார்க்சிஸ்ட் வேட்பாளருக்கும் தோற்ற காங்கிரஸ் வேட்பாளருக்கும் இடைவெளி ஏறத்தாழ 38 ஆயிரம்தான். இடம் கிடைக்கவில்லை, ஆனால் பேரம் பேசும் பலம் வந்தது. 2011-இல் திமுக அணியில் ஏழு இடம் வாங்கி ஏழிலும் தோற்றது. பிறகு கட்சி பிளந்தது. அதிலிருந்து வந்த கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி 2019-இல் நாமக்கல் மக்களவைத் தொகுதியையும் 2021-இல் திருச்செங்கோட்டையும் வென்றது, இரண்டும் உதயசூரியன் சின்னத்தில். தனி ஓட்டு பேரமாக மாறி, பேரம் இன்னொருவர் சின்னத்தில் போய் நின்ற பாதை இது. 2009-இல் மனதாரப் போட்டவர் இதை ஏமாற்றம் என்றும் சொல்லலாம், முதலீடு பலன் தந்தது என்றும் சொல்லலாம். தனியாக விழும் பெரிய எண்ணிக்கை மட்டுமே பேரத்துக்கு உதவும், சிதறினால் உதவாது. இது மட்டும் உறுதி.

குறைந்த தீமைக்குப் போடுவதிலும் ஒரு நோய் உண்டு. ஒரே பயத்தைக் காட்டி ஒரே கட்சி மூன்று தேர்தல் ஓட்டு வாங்கிவிட்டால், அந்த ஓட்டுக்கு இனி விலை கொடுக்க வேண்டியதில்லை என்று அது கண்டுகொள்ளும். எதிரியைக் காட்டினால் போதும். ஆகவே அப்படிப் போடுகிறவர் எந்த விஷயத்தில் இவர் அவரைவிடத் தேவலாம் என்று தனக்குத்தானே பெயர் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். சாயக்கழிவா, விசைத்தறிக் கூலியா, நிலத்தில் போகும் உயர்மின் கோபுரமா? சொல்லத் தெரியவில்லை என்றால் அந்தத் தேர்வுக்குப் பின்னால் பழக்கம் மட்டுமே இருக்கிறது. வேட்பாளர் கொடுக்கும் படிவம் 26 உறுதிமொழிப் பத்திரத்தில் சொத்து, கடன், அரசுக்குப் பாக்கி, நிலுவையில் உள்ள வழக்கு எல்லாம் இருக்கும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஐந்தாண்டுக்கு முன் கொடுத்த பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், பேச்சில் கேட்காத பல செய்தி கிடைக்கும்.

பணம் இந்த வாதத்தையே கெடுத்துவிடுகிறது. கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சியில் 2016 மே மாதம் நடக்க வேண்டிய தேர்தலை, பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையம் தஞ்சாவூரோடு சேர்த்து ரத்து செய்து நவம்பரில் நடத்தியது. வாங்கிவிட்டால் போட வேண்டும் என்ற நாணயம் நம் மக்களிடம் ஆழமாக இருக்கிறது. அதைத்தான் பணம் கொடுப்பவர் பயன்படுத்திக்கொள்கிறார். கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஓட்டு யாருக்கு விழுந்தது என்று எந்தக் கட்சிக்காரருக்கும் காட்டிக்கொடுக்கும் வழி எந்திரத்தில் இல்லை. ஒப்புகைச் சீட்டு ஏழு நொடி போட்டவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்து பெட்டிக்குள் விழுந்துவிடும். சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுத்த காசுக்குக் கட்டுப்பட்டுப் போடும்போது, கொள்கையும் இல்லை, தீமையை எடைபோடுவதும் இல்லை.

ஊராகச் சேர்ந்து கேட்பதற்கு நாள் கணக்கு முக்கியம். அறிவிக்கை வந்து ஏழாம் நாள் மனுத்தாக்கல் முடியும், மறுநாள் பரிசீலனை, அதற்கு இரண்டாம் நாள் வாபஸ் முடியும். அதற்குப் பிறகு வாக்குப்பதிவுக்குக் குறைந்தது பதினான்கு நாள். நடத்தை விதி அமலுக்கு வந்துவிட்டால் அதிகாரியால் புதிதாக எதையும் அறிவிக்க முடியாது. கடைசி வாரத்தில் கறுப்புக்கொடி கட்டித் தேர்தல் புறக்கணிப்பு என்று அறிவிக்கும் ஊர்களுக்குத் தாசில்தார் வருவார், பேசுவார், “தேர்தல் முடியட்டுமுங்க” என்பார். அவரால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். வேட்பாளர் பட்டியல் தயாராகும் முன்பே, நடத்தை விதிக்கு இரண்டு மூன்று மாதம் முந்தியே, ஒன்றோ இரண்டோ கோரிக்கையை எழுதி எல்லா அணிக்கும் கொடுத்து, எழுத்தில் பதில் கேட்பதுதான் பலன் தந்திருக்கிறது. பத்துக் கோரிக்கை எழுதினால் எளிதானதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

அவிநாசி-அத்திக்கடவு நீர்த் திட்டம் அப்படித்தான் வந்தது. அறுபது ஆண்டுக்கு மேலான ஒற்றைக் கோரிக்கை. எல்லாக் கட்சி மேடையிலும் ஏறியது. 2019-இல் அதிமுக ஆட்சியில் அடிக்கல், 2024 ஆகஸ்ட் 17 அன்று திமுக ஆட்சியில் திறப்பு. பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே மிகும் தண்ணீர் 1.5 டி.எம்.சி.யை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியே 1,045 குளம் குட்டைகளுக்கு ஏற்றுகிறார்கள். முதலில் கேட்ட மலைவழித் திட்டம் இது அல்ல. ஆனாலும் இரண்டு ஆட்சியும் கைவிட முடியாதபடி அந்தக் கோரிக்கை எந்தக் கட்சிக்கும் சொந்தமாகாமல் இருந்தது.

மொடக்குறிச்சி பாணியில் வேட்பாளராக நின்று காட்டும் வழி இன்றும் திறந்தே இருக்கிறது, விலை மட்டும் கூடிவிட்டது. மொடக்குறிச்சிக்காரர்கள் நின்ற அதே 1996-இல் மக்களவைத் தேர்தலில் ஆந்திரத்தின் நல்கொண்டாவில் 480 பேர், கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேர் நின்றார்கள். அந்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டு டெபாசிட் சட்டமன்றத்துக்கு 5,000, மக்களவைக்கு 10,000 ஆனது. சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றும் வந்தது. இப்போது 10,000, 25,000. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பாதி. 2024-இல் கரூர் மக்களவைத் தொகுதியில் 54 பேர் நின்றதால் ஒரு சாவடிக்கு நான்கு வாக்குப்பதிவு எந்திரம் வைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு பெயர்களுக்கு நடுவில் வாக்காளர் திணறியதைத் தவிர அதில் கோரிக்கை என்று ஒன்று கேட்கவில்லை.

ஈரோட்டு மஞ்சள்காரர்கள் கூர்ந்து பார்க்க வேண்டியது நிஜாமாபாத். 2019 மக்களவைத் தேர்தலில் அங்கே 185 பேர் நின்றார்கள், 178 பேர் விவசாயிகள். ஆளுக்கு 25,000 ரூபாய் கட்டினார்கள். சாவடிக்கு 12 எந்திரம். கேட்டது மஞ்சள் வாரியமும் நியாயமான விலையும், வேறொன்றும் இல்லை. அன்றைய தெலங்கானா முதல்வரின் மகளை எதிர்த்து நின்ற பாஜக வேட்பாளர் வாரியம் கொண்டுவருவதாக முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தார். முதல்வரின் மகள் தோற்றார், எழுதிக் கொடுத்தவர் வென்றார். ஆண்டுக்கணக்கில் அந்தத் தாளைக் காட்டி அவரை ஊர் ஊராகக் கேள்வி கேட்டார்கள். 2023 அக்டோபரில் அறிவிப்பு, 2025 ஜனவரி 14 அன்று தேசிய மஞ்சள் வாரியம் திறப்பு. தலைமையகம் நிஜாமாபாத்தில் இருக்கிறது.